சீலா மீன் மேல் விழுந்த பழி

அன்று வீட்டில் சாப்பிட்டவர்கள்: மாமியார், நாத்தனார் செல்லம், என் வீட்டுக்காரர் மிக்கேல், நான். எழுபதுகளில் நடந்தது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரர் கொடுத்தாரென்று சிவப்பு பீன்ஸ் கொட்டை வீட்டுக்கு வந்திருந்தது.

"கொடியில காய்க்கிற கொட்டைதானே, சுருக்கா வெந்துரும்" என்று செல்லம் ஒரே கொதியில் இறக்கிச் சுண்டல் போட்டாள். நான் சீலா மீன் குழம்பு வைத்தேன்.

சாயங்காலம் எல்லாருக்கும் வாந்தி.

"நாறுன மீனை வாங்கி எங்களக் கொல்லப் பாத்தியளா, மதினி?" என்றாள் செல்லம். மாமியார் சாகும்வரை என்னை மீன்சட்டியைத் தொட விடவில்லை.

இன்று மருமகள் ராஜ்மா பாக்கெட்டை வாசித்தாள்; அதே சிவப்புக் கொட்டைதான். "அத்தை, ஊறவச்ச தண்ணியக் கொட்டிட்டு நல்லாக் கொதிக்க வைக்கணுமாம். அரைவேக்காடாத் தின்னா வாந்தி வருமாம்."

உடனே செல்லத்துக்குப் போன் போட்டு, மருமகளை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

"தெரியாமப் பழி போட்டுட்டேன் மதினி" என்று அழுதாள். அவளை விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று பிந்தி வந்து, மீன் தீர்ந்துபோய், சுண்டல் மட்டும் தின்றவர் ஒருவர் உண்டு. அவரும்தான் வாந்தி எடுத்தார். "நான் மீனே திங்கலியே" என்று தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செத்தவரை மன்னிக்கவேண்டும் என்பீர்கள். நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் மன்னிக்காத ஒரே ஆள் மிக்கேல்.