முப்பது மீட்டர் ஆழமும் ஒரு ரப்பர் வளையமும்

வாட்ச் ரிப்பேர் தொழிலில் முள், பல்சக்கரம், செல் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்’ என்று பொறித்து அனுப்புகிறார்களே, அந்த ஒரு வரியைத்தான் சமாளிக்க முடியாது. மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர்கள், செல்போன் கடை வைத்திருப்பவர்கள், நனைத்துவிட்டு “சும்மாதான் வச்சிருந்தேன்” என்று நீட்டப்படும் எதையும் வாங்கிப் பார்க்கிற பாவப்பட்டவர்கள் எல்லோரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

அந்த வரிக்கு அர்த்தம் ரொம்பச் சின்னது. கை கழுவும்போது நாலு சொட்டுத் தெறிக்கலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். முப்பது மீட்டர் என்பது கம்பெனியில் வைத்து அமுக்கிப் பார்த்த கணக்கு. கையில் கட்டிக்கொண்டு குதிக்கிற கணக்கு இல்லை. தண்ணீரைத் தடுப்பது மூடிக்கு அடியில் சேமியா கனத்தில் இருக்கிற ஒரு ரப்பர் வளையம். இரண்டு மூன்று வருஷத்தில் அது காய்ந்துபோகும். தேரடி வீதியில் ஆறடிக் கடையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. தண்ணீர் புகுந்தால் “கடைக்காரன் சரியா மூடல” என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எதிர்ச்சாரியில் புதிதாக இரண்டு கடை வந்துவிட்ட பிறகு எனக்கு மிச்சம், ‘அவர் மூடுனா தண்ணி போவாது’ என்கிற பேர் ஒன்றுதான். அது போனால் கடையும் போச்சு. அதைக் காப்பாற்றத்தான் தினமும் தொண்டை வற்றக் கத்துகிறேன்.

கிணற்றுக் கணக்கு

கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர். மருமகன் வாங்கிக்கொடுத்த வாட்ச்சைக் கொண்டுவந்தார். கையில் வாங்கிச் சாய்த்தால் கண்ணாடிக்குள் ஒரு குமிழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது.

“எங்க நனைஞ்சது?” என்றேன். “கிணத்துல” என்றார். “விழுந்துட்டீங்களா?” என்று பதறினேன். “விழுவானேன்? குதிச்சேன். பேரனுங்களுக்கு நீச்சல் கத்துக்குடுத்தேன்” என்றார். மேட்டிலிருந்து குதித்தால் தண்ணீர் வாட்ச்சை எப்படி அறையும், அந்த வளையம் எப்படி இடம் கொடுத்துவிடும் என்று கால்மணி நேரம் விளக்கினேன். மக்குப் பையன் ஒப்பிப்பதைக் கேட்கிற வாத்தியார் மாதிரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“முப்பது மீட்டர்னா நூறு அடி சார். எங்க கிணறு மொத்தமே அறுபது அடிதான். இன்னும் நாப்பது அடி கீழ போனாதான தண்ணி உள்ள வரணும்?”

பால் கெட்டி

முதல் சம்பளத்தில் என் கடையிலேயே வாட்ச் வாங்கிய பையன். புதுப்பொருள் எது வாங்கினாலும் சாமி காலடியில் வைத்து எடுப்பது வழக்கம், அதில் தப்பே இல்லை. இவன் தன் ஊர் அம்மன் கோயிலில் அபிஷேக நாளாகப் பார்த்து வைத்திருக்கிறான். பூசாரி தாராள மனசுக்காரர். பால், தயிர், இளநீர், பஞ்சாமிர்தம் என்று அம்மனுக்கு நடந்த அத்தனையும் காலடியில் இருந்த வாட்ச்சுக்கும் நடந்திருக்கிறது.

அதைத் துடைத்துக் கட்டிக்கொண்டு மூன்று நாள் வேலைக்கும் போய்விட்டு, நாலாம் நாள் நின்றுபோனதும் கொண்டுவந்தான். மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் அன்று நான் கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட முடியவில்லை. “ஏம்பா, யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?” என்று கத்தியேவிட்டேன். அவனுக்கு என்மேல்தான் வருத்தம்.

“தண்ணியே போவாதுனு நீங்கதான சார் சொன்னீங்க? பால் தண்ணிய விடக் கெட்டியாச்சே, அது எப்டி சார் உள்ள போச்சு?”

அரிசி வைத்தியம்

பௌர்ணமி மழையில் தொப்பலாக நனைந்து கிரிவலம் சுற்றிவிட்டு வந்த தன் வீட்டுக்காரரின் வாட்ச்சை ஒரு அம்மா கொண்டுவந்தார். கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறது. அந்த அம்மா செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு அதை அரிசி டப்பாவில் புதைத்துவிட்டார். அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் காயவைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்திருப்பேன். பத்தொன்பது நாள் புதைந்து கிடந்தால் உள்ளே ஈரம் என்ன சும்மாவா இருக்கும்? மெஷின் முழுக்கத் துரு. முள்ளைத் திருப்புகிற சாவியின் துளையில் நொய் வேறு. இதற்குமேல் திட்டினால் ரத்தக்கொதிப்பு ஏறும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மாவே ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

“வீடியோல பச்சரிசியா புழுங்கலரிசியானு சொல்லவே இல்ல சார். அதுலதான் கோளாறு ஆயிடுச்சு.”

வியாழக்கிழமை

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர் ஒருவர், வருஷா வருஷம் குளிருக்கு வருவார், புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். கடலில் முங்குகிறவர்கள் கட்டுகிற இருநூறு மீட்டர் வாட்ச் அவருடையது. கல் மாதிரி இருக்கும். அதற்குள்ளும் தண்ணீர்! என்ன நடந்தது என்று கேட்டால், வந்து இறங்கிய அன்றே சாவியை வெளியே இழுத்து வாட்ச்சை நிறுத்திவிட்டாராம். இங்கே நேரம் வேண்டாமாம். சரி, நிறுத்தினீர்கள், கழற்றியாவது வைத்தீர்களா? இல்லை. இரண்டு மாதம் சாவியை இழுத்த வாக்கிலேயே கட்டிக்கொண்டு, தினம் இரண்டு வேளை அதோடு குளித்திருக்கிறார். சாவியைத் திருகி மூடாத இருநூறு மீட்டர் வாட்ச், கதவைத் திறந்துபோட்ட வீடு. எவ்வளவு நாளில் சரியாகும் என்று அவசரப்பட்டார். நேரம்தான் வேண்டாமே, என்ன அவசரம் என்று கேட்டேன்.

“காலம் என்று ஒன்று இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது, ஐயா. ஆனால் வியாழக்கிழமை ஃபிளைட் இருக்கிறது.”

சிஸ்டரின் வாட்ச்

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கிற நர்ஸ் செல் மாற்ற வந்தது ஒரு பௌர்ணமியன்று. கடை வாசலில் கூட்டம் நெரிக்கிறது. “பகல் பூரா கை கழுவற வேலை சார். நாடி எண்ண செகண்ட் முள்ளு வேணும். தண்ணி மட்டும் போவாம பாத்துக் குடுங்க” என்றார். செல் மாற்றினேன். அந்த அளவில் புது வளையம் கைவசம் இல்லை. பழசையே வைத்து மூடி, “தாராளமா கழுவுங்க சிஸ்டர், ஒண்ணும் ஆவாது” என்று கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். கண்ணாடிக்குள் பனி மூடியிருந்தது, முள் நின்றிருந்தது. பார்த்ததும் எனக்கு வழக்கமான கோபம் வந்துவிட்டது. கடையில் வேறு நாலு பேர் நிற்கிறார்கள். “குழாய்க்கு அடியில மணிக்கட்டோட காட்டுனா எந்த வாட்ச் தாங்கும்? சோப்புத் தண்ணி ஜாஸ்தி பட்டா ரப்பர் என்னாவும்?” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்தப் பெண் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த பெரியவர், “அவர் மூடுனா தண்ணி போவாதும்மா, நீதான் பாத்துக் கட்டணும்” என்று எனக்குச் சாட்சி வேறு சொன்னார்.

பேசிக்கொண்டே மூடியைத் திறந்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். காய்ந்துபோன பழைய வளையம். ஒரு பக்கம் அதற்கென்று வெட்டிய காடியில் உட்காரவே இல்லை. மூடிக்கடியில் நசுங்கி அறுந்து கிடந்தது. அவசரத்தில் நான் அமுக்கிய அமுக்கு. லென்ஸ் என் கண்ணில்தான் இருக்கிறது, வேறு யாருக்கும் தெரியாது. மூடிவிட்டு, “சோப்புதான்” என்று சொல்லியிருந்தால் நாலு பேரும் நம்பியிருப்பார்கள். அந்தப் பெண்ணும் நம்பியிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது.

“தப்பு உங்க மேல இல்ல சிஸ்டர். நான்தான் பழைய வளையத்தப் போட்டு, அதையும் சரியா மூடல” என்றேன். சாட்சி சொன்ன பெரியவர் தன் வாட்ச்சை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார். மெஷினையே புதிதாக மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் திட்டவில்லை, பெருமூச்சு விட்டது.

“அப்பாடா! நான்தான் ஜாஸ்தி கழுவிட்டேன்போலனு, ஆவி புடிச்ச அன்னிலேர்ந்து விரல மட்டும் நனைச்சுட்டு வார்டுக்குள்ள போயிட்டிருந்தேன் சார்.”

தண்ணீர் எந்த வழியாகவெல்லாம் உள்ளே போகும் என்று இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே பாடம் நடத்திய எனக்கு, அதில் என் கையும் ஒரு வழி என்று தெரிய ஒரு சிஸ்டர் குனிந்து நிற்க வேண்டியிருந்தது.