தம்பிக்குத் தைத்த டாக்டர் கோட்டு

தம்பியோடு வெளிநாட்டில் குடியேறிய அக்காவுக்கு அங்கே ஒரு துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை. கால் அங்குலம் பிசகினாலும் பிரித்து மறுபடி தைப்பாள். ஆறு வருஷமாக நடிக்க வாய்ப்புத் தேடி அலைந்த தம்பியை, அந்த ஊர் டிவி தொடரில் ஆசியாக்கார டாக்டர் வேஷத்துக்கு நடித்துக் காட்டக் கூப்பிட்டார்கள். அவன் தோளில் கச்சிதமாக உட்காரும் வெள்ளைக் கோட்டை அவளே தைத்துப் போட்டுவிட்டு, கூடவே போனாள்.

தம்பி வசனத்தைத் தெளிவாகச் சொன்னான். வெள்ளைக்கார இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆசியாக்காரன் மாதிரியே இல்லையேப்பா. தலையை ஆட்டிப் பேசு. கோட்டு தொளதொளன்னு இருக்கணும்."

செல்போனில் பழைய காமெடித் தொடர் ஒன்றைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த ஆசியாக்காரர்கள் எல்லாரும் அதற்குள்தான் இருந்தார்கள். பிறகு அக்காவிடம், "தோள்பட்டையைப் பிரிச்சு விடும்மா" என்றார்.

தம்பி தயங்கித் தயங்கித் தலையை ஆட்டினான். அறையே சிரித்தது. அக்கா எழுந்து போய் அவன் கோட்டின் காலரைப் பிடித்தாள்.

"டேய், கோட்டைக் கழட்டு. ஆட்டறதுன்னா அவங்க குடுக்கறதைப் போட்டுக்கிட்டு ஆட்டு."

"அக்கா, பொழப்பைக் கெடுக்காதே."

"கழுத்தைச் சுளுக்கிக்கறதுக்குப் பேரு பொழப்பாடா?"

தம்பிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "சார், நான் பார்த்த டாக்டருங்க யாரும் இப்படி ஆட்டினதில்ல. என்னாலயும் ஆகாது" என்றான்.

"அடுத்த ஆளு!" என்றார் இயக்குநர், ஏறெடுத்தும் பார்க்காமல்.

வெளியே அவனைப் போலவே ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, தலையாட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள்.