இரவல் குரல்

"சந்தோஷபுரம், செம்பாக்கம், கேம்ப் ரோடு, தாம்பரம்" என்று பொன்னுசாமி ஆள் கூப்பிடும்போது, மேடவாக்கத்தில் நிற்பவர்கள் முதலில் ஸ்பீக்கர் எங்கே என்றுதான் தேடுவார்கள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு தமிழ் பேசுவதுபோல் இருக்கும். படுத்திருக்கும் நாய்கள் எழுந்து காதை விறைத்துக்கொண்டு பார்க்கும், குரைக்காது. ஷேர் ஆட்டோவில் ஒரு கால் வைத்த பெண்கள் மறுகாலை எடுக்கத் தயங்குவார்கள். டார்ச் லைட் மாதிரியான கருவியைத் தாடைக்கடியில் அழுத்தியபடி பொன்னுசாமி சொல்வார்: "ஏறுக்கா. மிஷினு பேசத்தான் செய்யும். வண்டிய நான்தான் ஓட்டுவேன்."

வண்டி கிளம்பிவிட்டால் பேச்சு கிடையாது. கருவிக்கு ஒரு கை வேண்டும்.

தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் இப்போது மூச்சு. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். இருமினால் வாய் அசையாது, துணி படபடக்கும். டீயை ஊத முடியாது. தானாக ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ரகசியமும் சொல்ல முடியாது. பெரும்பாக்கம் குடியிருப்பில் அவர் பேசுவது இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். போனில் பேசினால் ஏதோ பதிவு செய்த விளம்பரம் என்று துண்டித்துவிடுகிறார்கள். மனைவி சரசுவின் குறை வேறு. "கோவம் வந்தாகூட நியூஸ் வாசிக்கிற மாரியே கீது. இதுங்கூட எப்புடி சண்ட போடறது?"

அறுவைச் சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. பேசுகிற கருவி மட்டும் அதில் அடங்காது என்றார்கள். அவரால் வாங்கக்கூடிய விலையும் இல்லை. மாதக்கணக்கில் கையைக் காட்டியும் தலையை ஆட்டியும் காலம் தள்ளினார். தாம்பரத்தில் நோயாளிகள் கூடும் ஒரு சங்கத்தில் ஆஷா என்ற சமூகப் பணியாளர்தான், செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் கருவி சும்மா கிடப்பதாகச் சொன்னாள். அதில் பேசிக்கொண்டிருந்த யக்ஞநாராயணன் இறந்துபோயிருந்தார்.

அவருடைய மனைவி அபிதகுஜாம்பாள் கருவியைத் துடைத்து, சார்ஜ் போட்டு வைத்திருந்தார். கழுத்து அதிரும்படி எங்கே அழுத்துவது, அந்த அதிர்வைப் பேச்சாக்க உதட்டை எப்படி அசைப்பது என்று அவரே காட்டினார். பொன்னுசாமி அழுத்தினார். "ரொம்ப நன்றிம்மா" என்று கூடம் முழுக்கக் கேட்டது. தனக்குக் குரல் வந்துவிட்ட சந்தோஷத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தபோது, அந்த அம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றார். "குஜா, காபின்னு சொல்லுங்கோ."

பொன்னுசாமி கூட வந்திருந்த சரசுவைப் பார்த்தார். சரசு தரையைப் பார்த்தாள். ஓசியில் கருவி கொடுத்தவர் கேட்கிறார், எப்படி மறுப்பது? சொன்னார். அந்த அம்மாள் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்துபோய் உண்மையாகவே காபி போட்டுக் கொண்டுவந்தார்.

அதன்பிறகு பொன்னுசாமி ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்குப் போகலானார். அந்த அம்மாள் பேப்பரில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார். வாசலில் நின்று "குஜா, கதவைத் திற" என்று சொல்லச் சொல்வார். பொன்னுசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார். வீட்டுக்கு வந்தால் சரசு முகம் கொடுக்க மாட்டாள். பிறந்ததிலிருந்து டீயே குடித்தவர் ஒருநாள், "காபி சூடா இருக்கட்டும்" என்றார். சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. இன்னொரு நாள் அவர் குளித்துக்கொண்டிருக்க, அலமாரியில் சார்ஜில் கிடந்த கருவி தானாக 'ம்ம்ம்' என்று முனகியது. "பட்டன் மாட்டிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று எடுத்து அணைத்தார். சரசு அன்றைக்கு அந்த அறைக்குள்ளே வரவில்லை.

"அந்த வூட்டுக்குப் போய்ட்டு வந்தா நீ வேற யாரோ மாரி கீற" என்றாள்.

அவருக்கும் அது தெரியும். கருவியையும் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அவர் விடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்ன அதிகாரியிடம், "எழுதியும் குடுத்துட்டேன் சார். பேசத்தான் வந்தேன்" என்றார். அதிகாரி தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். பிறகுதான் எதிரில் நிற்பவரைப் பார்த்தார். கூடத்தில் பட்டா, குடிநீர், ரேஷன் கார்டு என்று இரைந்துகொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. "தொண்டைய எடுக்கறதுக்குக் காப்பீடு கீது. பேசறதுக்கு இல்ல. நான் செத்தவரு குரல்ல பேசிக்கினு கீறேன் சார். எங்க சங்கத்துல மத்த ஆளுங்க, யாருனா செத்தா தமக்கு வருமான்னு காத்துகினு கீறாங்க. அப்புடி காத்துகினு கீறது நல்லாவா கீது?"

அடுத்தடுத்த கூட்டங்களுக்கும் போனார். காப்பீட்டில் கருவியைச் சேர்ப்பது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்றுவரை அதே பதில்தான். ஆனால் சங்கத்தில் காத்திருந்த எல்லோருக்கும் வேறு ஏதோ நிதியிலிருந்து கருவி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பொன்னுசாமிக்கும் புதிது கிடைத்தது. அதன் குரல் கொஞ்சம் மெலிசு. சரசு கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றே ஒரு சண்டையும் போட்டாள்.

பழையதைத் திருப்பிக் கொடுக்க அவர் செம்பாக்கம் போனார். "அம்மா, நான்தான்" என்றார். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டது. இரண்டாம் முறை சொன்னபிறகுதான் கதவு திறந்தது. அபிதகுஜாம்பாள் அவரை அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார். கருவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இனி யாருக்காவது தேவைப்பட்டால் வந்து வாங்கிக்கொள்வதாகப் பொன்னுசாமி சொன்னதற்கு, "ம்" என்றார். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. கம்பிக்கதவைச் சாத்திக்கொண்டார்.

படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டியபோது உள்ளே அந்த முனகல் கேட்டது. திரும்பினார். கம்பிக்கதவுக்கு அப்பால், கூடத்தின் நடுவில், அந்த அம்மாள் கருவியைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"குஜா" என்றது அந்தக் குரல். "யார் வந்துட்டுப் போறது?"

புதுக் கருவி பொன்னுசாமியின் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் அவர் கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கே அதிர்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.