முழங்காலை மூன்று முறை அளந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, ஓர் அறுவை சிகிச்சையை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "சுலோச்சனா மேடம் தவறிட்டாங்க சார். மாரடைப்பாம், திருப்பரங்குன்றம் வீட்டுலயே" என்றார் செவிலியர். அடுத்த நோயாளியின் ஸ்கேன் கணினியில் திறந்திருந்தது. அளவுகள் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் படித்துச் சொன்ன மருத்துவர் அவர். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவருடன் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும்: அளக்கும்போது எண்களைத் தம் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் முணுமுணுப்பார். ஒரே அளவு மூன்று முறை வந்தால்தான் எழுதுவார். காத்திருக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒருமுறை பேரையூரிலிருந்து கபடி ஆடும் பெண்ணொருத்தி, முழங்கால் ஜவ்வு கிழிந்து வந்தாள். பின்தொடைத் தசைநாணை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவதாக முடிவு செய்திருந்தேன். சுலோச்சனா மாடியேறி வந்தார்.

"டாக்டர், இந்தப் பிள்ளைக்குப் பின்தொடை நாண் ரொம்ப மெலிசு. முன்தொடையில எடுங்க."

"உள்ள போய்ப் பாத்துக்கிறேன் மேடம்."

"உள்ள போனப்பறம் யோசிக்கிறதுக்குப் பேரு திட்டமா?"

நான் கேட்கவில்லை. நாண் அவர் சொன்னபடியே மெலிசாக இருந்தது. மடித்துத் தைத்துச் சமாளித்தேன். மறு வருடம் ஆடுகளத்தில் அதுவும் அறுந்தது.

அவள் திரும்பி வந்த அன்று சுலோச்சனா என்னைக் குத்திக்காட்டவில்லை. முன்தொடை நாணின் தடிமன், நான் எலும்பில் போட்ட பழைய துளையின் அகலம், எல்லாவற்றையும் அளந்து தாளை நீட்டினார். பிறகு கேட்டார்: "அவங்கப்பாட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொன்னேன். அவள் அப்பா, "நீங்களே திரும்பச் செய்யுங்க சார். இந்தவாட்டி அந்தம்மா பேச்சக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். அவள் இன்றும் ஆடுகிறாள். ஆனால் 'நீங்கள் சொன்னதுதான் சரி' என்று சுலோச்சனாவிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிறவர்தானே, சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நிம்மதியல்ல. கத்தியை எடுக்குமுன் வரும் உறுத்தல். நேற்று ஓர் அளவில் சந்தேகம் வந்தது. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தேன். அறுவைக்காகப் பட்டினி கிடந்த நோயாளியின் வீட்டார் கோபப்பட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதலிலிருந்து அளக்க உட்கார்ந்தேன்.