குசினியில் அறுத்த இதயம்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் நானும் கணவரும் மட்டுமே இருந்தோம். திருகோணமலையில், உட்துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் வீடு. பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்துவரும் சிறு கப்பலொன்றில் அவருக்கு எஞ்சின் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிள்ளைகள் இல்லை. மத்தியானச் சமையல் முடிந்தால், எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டு ஜன்னலடியில் இருப்பேன்.

ஒருநாள் அவர் வேலையால் வந்து சேட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"வெருகலில இருந்து ஒரு பிள்ளை இங்க படிக்க வரப்போகுது. எங்கட வீட்டில இருக்கட்டுமோ?"

அவருடன் ஒன்றாகப் படித்த நண்பர் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் தலைமை ஆசிரியர். அங்கே உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் இல்லை. பிள்ளை கெட்டிக்காரி என்று அவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"படிச்சு என்னவாம் செய்யப்போகுது?"

"நேர்ஸ் ஆகவேணுமாம்."

"நேர்சுக்கு விஞ்ஞானம் ஏன்?"

"அது எனக்குத் தெரியாது. வந்தாப் பிறகு நீரே கேளும்."

அவள் ஒரு தகரப்பெட்டியோடு வந்தாள். வெருகலிலிருந்து மூதூர் வரை பஸ், அங்கிருந்து குடாவைக் கடக்க லோஞ்ச் படகு. வாழ்நாளில் முதல்தடவை கடலில் வந்ததால் முகம் வெளுத்துப்போயிருந்தது. மெலிந்த பிள்ளை, பெரிய கண்கள். சுவரில் மாதா படம் தொங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, பக்கத்தில முருகன் படத்தையும் வைக்கலாமோ?" என்று கேட்டாள். வை என்றேன். முன்னறை மேசையையும் ஒரு கதிரையையும் அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தோம்.

வந்த முதல் கிழமையே நான் கேட்டேன், ஏன் நேர்ஸ் என்று.

"அம்மா சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில கிடந்தவ, அக்கா. நான் சின்னப்பிள்ளை. கட்டிலடியில இருப்பன். ஒரு நேர்ஸ் வந்து கண்ணாடிக் குச்சி ஒண்டை உதறு உதறெண்டு உதறிப்போட்டு அம்மாவின்ர வாய்க்குள்ள வைப்பா. ஏன் உதறுறீங்கள் எண்டு கேட்டனான். சிரிச்சுப்போட்டுப் போயிட்டா. அதைத் தெரிஞ்சுகொள்ளவேணும்போல இருந்தது."

"இப்ப தெரியுமோ?"

"ஓம்." உள்ளே இருக்கும் பாதரசம் ஏறிய இடத்திலேயே நின்றுவிடும்படி அந்தக் குழாயில் ஓரிடம் நெருக்கமாக இருக்கிறது என்றும், உதறினால்தான் அது கீழே இறங்கும் என்றும் விளங்கப்படுத்தினாள். எனக்கு எத்தனை தடவை காய்ச்சல் வந்திருக்கிறது! ஒருநாளும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். அவள் பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது புத்தகத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பேன், அவள் சொல்லுவாள். சரியோ பிழையோ என்று பார்க்க நானும் வாசிக்கவேண்டியிருந்தது. புத்தகத் தமிழ் வேறு தமிழாக இருந்தது. இதயத்துக்குள் நான்கு அறைகளாம். மேலே இரண்டு சோணையறை, கீழே இரண்டு இதயவறை. அதிலிருந்து வெளிக்கிடும் பெரிய குழாய்க்குத் தொகுதிப் பெருநாடி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நான் மூச்சு வாங்குவேன், அவள் சிரிப்பாள்.

"படத்தைப் பாத்து எனக்கு ஒண்டும் விளங்கேல்ல" என்றேன் ஒருநாள்.

"எனக்கும்தான் அக்கா. பள்ளிக்கூடத்தில ஒரு இதயத்தை நாப்பது பேர் சுத்திநிண்டு பாத்தம். எனக்கு முன்னால நிண்ட பிள்ளையின்ர பின்னல்தான் தெரிஞ்சது."

மறுநாள் சனிக்கிழமை. நான் இறைச்சிக் கடைக்குப் போய் ஆட்டு இதயம் கேட்டேன். கடைக்காரர் குழாய்களையெல்லாம் ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு, சுத்தமான சதைத்துண்டு ஒன்றை நீட்டினார்.

"இது வேண்டாம். குழாயோட இருக்கிறதைத் தாங்கோ."

"குழாயை என்னக்கா செய்யப்போறீங்கள்? அது அவியாதே!"

"கறிக்கில்லை. தங்கச்சி படிக்க."

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் உள்ளே போய், நீளமாகக் குழாய் விட்ட இதயம் ஒன்றை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து, "உள்ளுக்கு என்ன இருந்தது எண்டு எனக்கும் வந்து சொல்லுங்கோ" என்றார்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையை வைத்து அதன்மேல் இதயத்தைக் கிடத்தினோம். அறுப்பதற்கு முன் ஒரு பரிசோதனை செய்யலாம் என்றாள் அவள். பெருநாடியை விரலால் விரித்துப் பிடித்தாள். நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. குழாயின் வாய்வரை நிறைந்து தளும்பி நின்றது.

"அடைச்சுக்கிடக்கோ?"

"இல்லையக்கா, பாருங்கோ." அவள் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி, அந்த ஓட்டை வழியாக ஊற்றச் சொன்னாள். ஓட்டையைப் பொத்திக்கொண்டு இதயத்தை அமுக்கினாள். அதே குழாயால் தண்ணீர் பாய்ந்து வந்து என் சேலையை நனைத்தது.

ஒரு பக்கத்தால் போகும், மறுபக்கத்தால் திரும்பாது. நான் நம்பாமல் மூன்று நான்கு தடவை ஊற்றிப் பார்த்தேன். அப்போதுதான் பின்வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது.

இரண்டு கைகளிலும் தயிர்ச் சட்டிகளோடு அவளுடைய அப்பா நின்றார். அவர் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. நெல் விதைக்கிற மனுசர்; கறுத்து உயர்ந்த உருவம். பலகையையும் எங்கள் இருவரின் கைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கறிக்கோ?"

"இல்லை ஐயா, பாடம்" என்றேன்.

மகள் பயந்துபோய் எழுந்து நின்றாள். அவர் சட்டிகளை இறக்கி வைத்துவிட்டுக் குந்தினார். "என்ன பாடம்? எனக்கும் காட்டு" என்றார். அவள் திரும்பவும் செய்து காட்டினாள். குழாயை அரிந்து திறந்து, உள்ளே இருந்த மூன்று சின்னப் பைகளைக் கத்திநுனியால் தூக்கிக் காட்டினாள். வெங்காயத் தோலைப்போல அவ்வளவு மெல்லியவை.

"இதுதானோ தண்ணியை மறிச்சது?"

"ஓம் அப்பா."

"எங்கட வாய்க்கால் கதவுக்கு ரெண்டு ஆள் வேணும். இது தானாய்ப் பூட்டுதே." விரலால் தொட்டுப் பார்த்தார். "என்ர நெஞ்சுக்குள்ளயும் இப்பிடித்தானோ?"

"எல்லாருக்கும் இப்பிடித்தான்."

அவர் வந்த காரணத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னார். மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. நேர்ஸ் வேலை என்றால் அந்நிய ஆம்பிளைகளைத் தொடவேணும், அது குடும்பப் பிள்ளைக்குச் சரிவராது என்று ஊரில் கதைக்கிறார்கள். அவளைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.  வாதாடும் படிப்பு எனக்கு இல்லை. அதனால் மனதில் வந்ததைக் கேட்டேன்.

"ஐயா, நேர்ஸ்மார் என்ன செய்யினம் எண்டு நீங்கள் கிட்ட நிண்டு பாத்திருக்கிறீங்களோ?"

"மனிசி ஆஸ்பத்திரியில கிடக்கேக்க போனனான். வாசலோட நிண்டுபோட்டு வந்திட்டன்."

"அப்ப நாளைக்குப் பாப்பமோ? எனக்கும் பாக்க ஆசை."

ஞாயிறு பூசை முடிந்து வந்து, நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் அவளும் தந்தையாரும் நானும் நகர ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆண்கள் வாட்டில் இலங்கைத்துறையைச் சேர்ந்த ஒருவர் கிடந்தார். வலை இழுக்கும்போது திருக்கை முள் ஏறி, முழங்காலுக்குக் கீழே வீங்கிப்போயிருந்தது. இளம் நேர்ஸ் ஒருத்தி அந்தக் காலைத் தன் மடிக்கருகே தூக்கி வைத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். தந்தையார் நேராக அங்கே போனார்.

"தம்பி, ஒரு பொம்பிளைப்பிள்ளை காலைப் பிடிக்கேக்க உமக்கு வெக்கமாய் இல்லையோ?"

அந்த மனிதர் யோசித்தார். "முதல்நாள் இருந்தது ஐயா. ஆனா நோவு அதைவிடப் பெரிசாய் இருந்தது."

நேர்ஸ் தலை நிமிராமல் சிரித்தாள். தந்தையார் அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உம்மட அப்பா இதுக்கு ஓமெண்டவரோ?"

"எங்க ஐயா! ஒரு வருஷம் என்னோட கதைக்கேல்ல. பிறகு காய்ச்சல் வந்து இதே வாட்டுக்குத்தான் வந்தவர்."

"அப்ப கதைச்சவரோ?"

"ஓம். தண்ணி கேட்டவர்."

வாட்டே சிரித்தது. தந்தையாரும் சிரித்தார். ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை. ஏன் அந்த மருந்து மஞ்சளாக இருக்கிறது, துணியை ஏன் குறட்டால் பிடிக்கிறாய், கையால் பிடித்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே நின்றார். அந்தப் பிள்ளையும் வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்தபோது நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

இனி மனம் மாறிவிடுவார் என்றே நான் நினைத்தேன். மாறவில்லை. மறுநாள் காலை லோஞ்சில் மகளைக் கூட்டிப் போய்விட்டார். வந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம், அவர்கள் பிள்ளையைப் பார்க்கவேண்டுமாம். அவள் தகரப்பெட்டியைத் தூக்கவில்லை. புத்தகங்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் அந்தப் புத்தகங்களைத் தொடாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. சிறுநீரகம் என்ற பாடத்தைத் தனியாக வாசித்தேன். பாதிதான் விளங்கியது. கேட்க ஆளில்லை என்பதுதான் பெரிய குறையாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து அவள் திரும்பி வந்தாள். அப்பாவும் கூட வந்தார். அவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டேன். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்தவை அக்கா. பலகாரம் வச்சிருக்கு. அப்பா கதையைத் தொடங்கினார், ஆட்டு நெஞ்சுக்குள்ள கதவு இருக்கெண்டு. பிறகு அந்த மீன்காரரின்ர கால், புண்ணில வடிஞ்ச சிதழ், எல்லாம். மாப்பிள்ளையின்ர அம்மா பலகாரத்தைக் கீழ வச்சிட்டா. 'இதெல்லாம் எதுக்கு எங்களுக்கு, பிள்ளை இனிப் படிக்கத் தேவையில்லை' எண்டா. அப்பாவுக்குக் கோபம் வந்திட்டுது. 'அறியவேண்டாம் எண்டு சொல்லுற வீட்டில என்ர பிள்ளை என்னெண்டு இருக்கிறது?' எண்டு கேட்டுப்போட்டார்."

அவர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். சம்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளை, ஈரல் எதுக்கு?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பாடம் நாங்கள் இன்னும் படிக்கவில்லை என்றேன்.

பரீட்சை வந்தது. அவளை டொக்டராக்கிப் பார்க்க ஆசிரியர்களுக்கு ஆசை. புள்ளிகள் அதற்குப் போதவில்லை. பெறுபேறு வந்த நாள் அவள் அழுவாள் என்று நினைத்து நான் இனிப்பாக எதையோ செய்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. "அது ரீச்சர்மாரின்ர ஆசை அக்கா. நான் கேட்டது இதுதானே" என்று சொல்லி, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு அப்பாவோடு போனாள், எடுபட்டாள். பயிற்சிக்கு அவளை ரயிலேற்ற நாங்கள் மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். தந்தையார் பெட்டியை ஏற்றிவிட்டு, ரயில் வெளிக்கிடும்வரை எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் அவருக்கு விளங்கப்படுத்தினார். ரயில் போனபிறகுதான் தந்தையார் கண்ணைத் துடைத்தார்.

வாட்டு வேலை தொடங்கியபின் முதல் லீவில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எது கஷ்டம் என்று கேட்டேன். இரத்தம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கேக்கிறதுதான் அக்கா கஷ்டம். எங்க நோகுது எண்டு நேரா கேட்டா எங்கட ஊர்ச் சனம் சொல்லாது. ஒண்டுமில்லை எண்டும். மழை பெஞ்சதோ, மாடு கண்டுக்குட்டி போட்டதோ எண்டு கேக்கவேணும். அப்பதான் மெல்லமாய்ச் சொல்லுவினம்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியிருந்தது. மெதுவாக, அவசரமில்லாமல் பேசினாள்.

அவளைப் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து மற்றப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். முன்னறை மேசை வெறுமையாக இருந்த வருடம் குறைவு. ஒருத்தி பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாகி இலங்கைத்துறைப் பக்கமே போனாள். ஒருத்தி பாதியில் படிப்பை விட்டு ஆசிரியையானாள். எல்லோருடைய புத்தகங்களையும் நான் வாசித்தேன்.

அவர்களுக்கு அடுத்து வந்தவள் தம்பலகாமத்துப் பிள்ளை. பெட்டியை இறக்கி வைத்ததுமே, தான் பல் வைத்தியம் படிக்கப்போவதாகச் சொன்னாள். அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, பாற்பல் விழும்போது அதன் வேர் எங்கே போகிறது என்று கேட்டேன்.