ஒரே வெடிக்கான துவக்கு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வரும் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைப்போம். சலவை இயந்திரத்தின் கதவுக்கு மேலே ஐந்து வருடத்துக்கு முந்திய குங்குமம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. கார் வாங்கியபோது நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். ஆனபடியால் நான் வாங்கிய துவக்குக்கும், அதாவது மான் சுடும் துப்பாக்கிக்கும், பொட்டு வைத்தேன். வைக்காமல் விடத்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

துவக்கு வாங்கியது வேட்டை ஆசையில் அல்ல. தாவரவியல் படித்தவள் நான். லண்டனின் தெற்கு விளிம்பில் ஒரு பழைய காட்டைப் பராமரிக்கும் சிறிய அமைப்பில் வேலை. நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து காரில் அரை மணித்தியாலம். அந்தக் காட்டில் பெரிய மரங்கள் இருக்கின்றன, குழந்தை மரங்கள் இல்லை. முளைத்து முழங்கால் உயரம் வருமுன் மான்கள் தின்றுவிடுகின்றன. இந்த நாட்டில் மானைத் தின்ன ஓநாயும் இல்லை, புலியும் இல்லை. எனவே ஒவ்வொரு குளிர்காலமும் அனுமதி பெற்ற ஒருவர் சிலவற்றைச் சுட்டுக் குறைக்க வேண்டும். எங்கள் அமைப்பில் அதைச் செய்து வந்தவர் என்னோடு வேலை செய்யும் ஓர் ஆங்கிலப் பெண், என் வயதுக்காரி. அவர் கர்ப்பமாகிவிட்டார். ஏணி ஏறவும் ஏலாது, வெடிச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கவும் கூடாது. வேறு யார் பயிற்சி எடுக்கிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கையை உயர்த்திவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். யாரும் செய்யாத வேலை மேசையில் கிடந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார்.

"துவக்கோ?" என்றார். "இஞ்சரும், நீர் நுளம்பை அடிச்சிட்டே மன்னிப்புக் கேக்கிற ஆள்."

"அதுதான் என்னை எடுத்தவையாக்கும். கவனமாச் சுடுவன்."

"சுடுறதெண்டால் சரியாச் சுடும். அரைகுறையாச் சுட்டிட்டு வந்து இஞ்ச அழக் கூடாது."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்த விடயம். இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் காட்டில் ஒரு மானைக் கண்டிருக்கிறேன். யாரோ களவாக வந்து சுட்டதில் அதன் கீழ்த்தாடை உடைந்திருந்தது. உயிரோடு நின்றது. மேய ஏலாமல், நாக்கு வெளியே தொங்க, புல்லை மணந்து மணந்து பார்த்தது. குறியிலிருந்து ஒரு சாண் முன்னே தள்ளிப் பட்ட தோட்டா. சுட்டால் என்னுடைய மான் ஒரே வெடியில் விழ வேண்டும், இல்லாவிட்டால் நான் சுடக் கூடாது. அந்த ஒரு விடயத்துக்காகத்தான் நல்ல துவக்கொன்று தேடினேன்.

துவக்கு அனுமதிக்காகப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வீடு பார்க்க வந்தார். துவக்கு வைக்கச் சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியை இழுத்து அசைத்துப் பார்த்தார். பிறகு அதன் பூட்டைத் திறக்கும் திறப்பு எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாத் திறப்பும் சுவாமித் தட்டுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். பெருமையோடு அதைக் காட்டினேன். அவர் என் கணவரையும் பார்த்தார், ஆணியையும் பார்த்தார்.

"இவருக்கும் தெரியுமா?"

"தெரியும். கணவர்தானே."

"தெரியக் கூடாது. உங்களுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்."

கலியாணம் கட்டி ஆறு வருடத்தில் நான் அவரிடம் மறைத்த முதல் விடயம் அந்தத் திறப்பு இருக்கும் இடம். "தாலிக்கொடி எங்க இருக்கெண்டு தெரியும், இது தெரியாது," என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரித்தார். எனக்கு இரண்டு நாள் நெஞ்சு சரியில்லை.

பயிற்சி முடிந்து அனுமதி வந்ததும் நான் வாசிக்கத் தொடங்கினேன். மகள் தூங்கும் மத்தியானங்களில் துவக்குகளைப் பற்றி ஆண்கள் சண்டை பிடிக்கும் இணையப் பக்கங்களையெல்லாம் படித்தேன். ஒருவர் சத்தியம் செய்வதை அடுத்தவர் குப்பை என்பார். ஒவ்வொரு வாரமும் மனம் மாறியது. கடைசியில் அந்த ஆங்கிலத் தோழி என் குறிப்புக் கொப்பியை வாங்கி மூடினார்.

"பழைய துவக்கு வாங்கு. அதன் மேல் மாட்டிக் குறிபார்க்க நல்ல ஸ்கோப் வாங்கு," என்றார். "துவக்கு உன்னைவிட எப்போதும் நன்றாகத்தான் சுடும். பார்க்க முடியாததை மட்டும் யாராலும் சுட முடியாது."

லண்டனுக்குத் தெற்கே சறே பக்கம் ஒரு துவக்குக் கடைக்குக் கூட்டிப் போனார். தோல், எண்ணெய், நாய் மணம். கடைக்காரர் முதலில் அவரிடம்தான் பேசினார். அவர் தன் வயிற்றைத் தட்டி, "எனக்கில்லை, இவளுக்கு," என்றார். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐந்தடி. சப்பாத்தோடு ஐந்தடி ஒரு அங்குலம்.

கடைக்காரர் முதலில் தந்தது புத்தம் புதியது, பளபளவென்று, என் இரண்டு மாதச் சம்பளம். "கண்ணை மூடித் தோளில் வை," என்றார். "இப்போது கண்ணைத் திற. ஸ்கோப்பில் வட்டம் முழுதாகத் தெரிகிறதா?" தெரியவில்லை. ஒரு கரும்பிறைதான் தெரிந்தது. தோளில் முட்டும் மரப் பிடங்கு எனக்கு நீளம். கழுத்தை நீட்டினால் தெரிந்தது. "கழுத்தை நீட்டினால் சரிவராது," என்று திருப்பி வாங்கி வைத்தார். அப்படி ஐந்து பார்த்தோம். ஆறாவது, கடையின் மூலையில் நின்ற பழையது. மரம் கீறுப்பட்டிருந்தது, ஸ்கோப் மட்டும் நல்லது. முந்திய சொந்தக்காரர் தன் மகள் பழகுவதற்காகப் பிடங்கை ஒன்றரை அங்குலம் அறுத்திருந்தாராம். அதனால் யாரும் வாங்காமல் கிடந்தது, அதனால் விலையும் பாதி.

கண்ணை மூடித் தோளில் வைத்தேன். திறந்தேன்.

வட்டம் முழுதாக இருந்தது. கடையின் கண்ணாடிக்கு வெளியே, வீதிக்கு அப்பால், ஒரு வேலியின் மேல் நின்ற சிட்டுக்குருவியின் காலில் இருந்த செதில்கள் தெரிந்தன. அது மூச்சு விடுவது தெரிந்தது. நான் மூச்சு விட மறந்தேன்.

"இது," என்றேன். வாழ்க்கையில் ஒரு கடையில் இரண்டாம் முறை யோசிக்காமல் நான் சொன்ன ஒரே சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைக்குப் பின்னால் இருந்த திடலில் கடைக்காரரே மூன்று வெடி சுட்டுக் காட்டினார். நூறு யார் தூரத்தில் மூன்றும் ஒரு சோடா மூடியளவுக்குள் இருந்தன. சத்தத்தைக் குறைக்கக் குழலின் வாயில் திருகி மாட்டும் தடித்த குழாயைத் தனியாகக் கழற்றிச் சுற்றித் தந்தார்.

வீட்டில் துவக்கைச் சுவாமித் தட்டின் கீழே ஒரு வெள்ளைத் துணியில் வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று மூன்று தரம் பார்த்தேன். மகளை அடுத்த அறையில் கார்ட்டூனுக்கு முன்னால் இருத்தினேன். கணவர் சந்தனத்தைக் குழைத்தார்.

"நெற்றி எதப்பா இதுக்கு?"

"நுனிதான் நெற்றி," என்றேன்.

குழலின் நுனியில், திருகு மரைக்கு மேலே, நல்ல தடிப்பாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம். இரண்டு பேரும் கும்பிட்டோம். என்ன கும்பிடுவது என்று தெரியவில்லை. ஒரே வெடி என்று மட்டும் கேட்டேன். பிறகு துணியால் துடைத்து, குழாயைத் திருகிப் பூட்டி, அலுமாரியில் வைத்து, அவரை வெளியே போகச் சொல்லித் திறப்பை ஒளித்தேன்.

அடுத்த கிழமை திடலில் குறி பார்க்கப் போனோம். தோழி எட்ட, காருக்குள், காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். நான் மணல் மூட்டையில் துவக்கை வைத்து, படித்தபடியே மூச்சை அரைவாசி விட்டு, மூன்று சுட்டேன். குறி அட்டையை எடுத்துவரப் போனேன். ஒரு துளை இடது ஓரம். ஒன்று கீழே. ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். மூன்றையும் மூட ஒரு சாப்பாட்டுக் கோப்பை வேண்டும்.

இன்னும் மூன்று சுட்டேன். அதே மாதிரி.

நான் என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன். பிறகு என் கண்ணை. பிறகு கடைக்காரரை. பிறகு திரும்பவும் என்னை. அந்த உடைந்த தாடை எனக்கு முன்னால் வந்து நின்றது. காருக்குப் போய்த் தோழியிடம் அட்டையைக் கொடுத்தேன்.

"எனக்கு இது சரிவராது. வேறு ஆளைப் பாருங்கள்," என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். "இது உன் கை இல்லை. கை நடுங்கினால் இப்படி இருக்காது," என்று சொல்லி மெல்ல இறங்கி வந்து, துவக்கை வாங்கி, முன்னால் இருந்த குழாயைத் திருகிக் கழற்றினார். அது கிறீச்சென்று இழுபட்டு வந்தது. மரையின் அடியில், குழாய் வந்து பொருந்தும் விளிம்பில், மஞ்சளாக ஏதோ இறுகிக் காய்ந்து கிடந்தது. அவர் நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"என்ன இது? நல்ல வாசமாக இருக்கிறது."

எனக்கு முகம் சுட்டது. சொன்னேன். சலவை இயந்திரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நிறுத்து, நிறுத்து, இங்கேயே பெற்றுவிடுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு அவருடைய குரல் மாறியது. "குழாய் ஒரு முடியளவு சரிந்து மாட்டுப்பட்டாலே போதும். தோட்டா அங்கே போய்ச் சேரும்போது இவ்வளவு விலகும்," என்று கைவிரல்களை விரித்துக் காட்டினார்.

ஒரு சாண்.

பழைய பல்துலக்கி ஒன்றால் அவர் மரையைத் துப்புரவாக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் சந்தனத் தூள் என் கையில் உதிர்ந்தது. கடவுளைத் துடைத்தெறிகிறோமோ என்ற பயம் ஒரு பக்கம். பொட்டு வைத்த அன்றே காட்டுக்குப் போயிருந்தால் என்ற பயம் மறுபக்கம். பிறகு குழாய் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தது. திரும்பவும் மூன்று சுட்டேன்.

அட்டையில் ஒரே ஒரு துளைதான் இருந்தது. மற்ற இரண்டும் அட்டையிலேயே படவில்லையோ என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்றும் ஒன்றையொன்று தொட்டு, ஒரு வில்வ இலை மாதிரி இருந்தன. நூறு யாருக்கு அப்பால் நின்று, நுளம்புக்கு மன்னிப்புக் கேட்கும் இந்தக் கை, காற்றுக்குள்ளால் அதே இடத்தை மூன்று தரம் தொட்டிருக்கிறது. யாரோ ஒரு மகளுக்காக அறுத்த, கீறல் விழுந்த, பாதி விலைத் துவக்கு. அவ்வளவு நுட்பமாக ஒரு பொருளை மனிதர் செய்ய ஏலும் என்பதை அதுவரை நான் உண்மையில் நம்பியிருக்கவில்லை. அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பொட்டு அட்டைக்கு வைத்தேன்.

காட்டில் சுடப் போகும் முதல் காலை வந்தது. மார்கழி. பற்றைகளுக்கு மேலே உறைபனி. தோழி காட்டு வாசலில், காருக்குள், தேநீர்ப் போத்தலோடு இருந்தார். "குட்டியோடு வருவதைத் தொடாதே. சுட்டதும் பத்து நிமிடம் இறங்காதே. மனம் சரியில்லையா, சுடாமல் வா, யாரும் கேட்க மாட்டார்கள்," என்றார். நான் மரத்தோடு சார்த்திய ஏணியின் உச்சி இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

வெளிச்சம் வந்தது என்று சொல்ல முடியாது. இருட்டுக்குள் இருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு, எதுவும் இல்லாத இடத்தில், ஒரு மான் நின்றது. வந்ததை நான் காணவில்லை. ஆட்டளவு. இளம் பெண்மான், தனியாக. ஸ்கோப்பின் வட்டம் முழுதாக இருந்தது. இமை முடியில் பனி. காது தனியாகத் திரும்பி எங்கேயோ ஒரு சத்தத்தைக் கேட்டது. மூக்கிலிருந்து புகை போனது. என் மகள் நித்திரையில் மூச்சு விடுவதை நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். அதே மாதிரிப் பார்த்தேன். இவ்வளவு உயிரோடு ஒன்றை நான் எந்நாளும் பார்த்ததில்லை.

சரியா என்று கேட்டேன். பிழையா என்றும் கேட்டேன். ஆனால் துவக்கைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் வரவில்லை. முன்னங்காலுக்குப் பின்னால், உள்ளங்கையளவு இடம். மூச்சை அரைவாசி விட்டேன்.

மான் துள்ளியது. பத்துப் பன்னிரண்டு பாய்ச்சல் ஓடிக் காய்ந்த பன்னப் புதருக்குள் மறைந்தது.

பத்து நிமிடம். ஓடினதே, ஓடினதே என்று மனம் அடித்தது. இறந்தது ஓடுமா? கையுறைக்குள் விரல்களை எண்ணினேன். அந்தப் பத்து நிமிடத்தில் காட்டில் பறவைகள் திரும்பவும் பேசத் தொடங்கின, ஒன்றுமே நடக்காதது போல.

இறங்கினேன். தோழியும் வந்து சேர்ந்தார். பன்னத்தை விலக்கியபோது அது கால்களை மடித்துப் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது, அதற்குள் வானம் இருந்தது. அவர் கஷ்டப்பட்டு முழங்காலில் ஊன்றி, பக்கத்தைத் தடவிக் காட்டினார். நெஞ்சின் நடுவே ஒரு சிறு துளை.

"ஓடியது கால்கள் மட்டும்தான்," என்றார். "இதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது."

நான் கையுறையைக் கழற்றி அதன் காதைத் தொட்டேன். இன்னும் சூடாக இருந்தது. மகளுடைய காதைவிட மெல்லியது. அழவில்லை. அழுகைக்குள் அடங்காத அளவுக்குப் பெரியதாக இருந்தது அது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

"பிள்ளை எழும்பிட்டா," என்றார் கணவர். "அம்மா எங்க எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?"

"மான் பாக்கப் போயிருக்கிறா எண்டு சொல்லுங்கோ."

அவர் அதைப் பிள்ளைக்குச் சொன்னார். பிறகு, மெல்லிய குரலில், "ஒரே வெடியோடயோ?" என்றார்.

"ஓம்," என்றேன். "ஒண்டோட."