அவிழ்த்துவிட்ட தொட்டில்கள்

பள்ளிக்கூடம் என்றதும் உங்களுக்கெல்லாம் சாக்பீஸ் வாசம் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது மூத்திரத்துணி வாசம்தான்... சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எனக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது பக்கத்து வீட்டுக் கவிதா. தேனியில் ஒரு ஸ்கூலில் அசிஸ்டென்ட் டீச்சராக இருந்துகொண்டே பி.எட். படிக்கிறாள். தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம்...

எங்கள் ஊர் கோம்பையில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒற்றை அறையில் ஒரு பள்ளிக்கூடம். நடத்தியவர் பெரிய டீச்சர். எட்டாவது பாஸ் பண்ணியிருந்த நான் அவருக்கு ஒத்தாசை. பெயர்தான் உதவி டீச்சர். பாதி நேரம் பிள்ளை தூக்குவதுதான் வேலை.

அம்மாக்கள் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்ணின் பாடு. பள்ளிக்கூடம் போவதென்றால் தம்பியையும் தூக்கிக்கொண்டு போ என்பார்கள். அப்படி இடுப்பில் ஒன்றோடு வந்து நிற்கும் என் வகுப்பு.

வாசலில் ஒரு புங்கமரம். அதன் கிளையில் பழைய சேலைகளைத் தொட்டிலாகக் கட்டிப்போட்டேன். ஒரு கை தொட்டிலை ஆட்டும், இன்னொரு கை மணலில் 'அ' போட்டுக் காட்டும். அக்காக்கள் நிம்மதியாகப் படித்தார்கள். அதில் பேச்சி என்றொருத்தி கற்பூரம். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். டிரெயினிங் முடித்த இன்னொரு ஆள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு இனிமேல் சர்க்கார் கிராண்ட் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை மதுரைக்கு டிரெயினிங் அனுப்புவதென்று முடிவானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வகுப்புக்கு நானே நிஜமான டீச்சராகத் திரும்பி வரப்போகிறேன் அல்லவா...

கிளம்புகிற அன்றைக்குப் பேச்சி பஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க போயிட்டா எந் தம்பிய யாரு வச்சுக்கிருவாக?"

"பெரிய டீச்சர் பாத்துக்கிருவாக தாயி. நான் ரெண்டு வருசத்துல ஓடியாந்துருவேன்ல."

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற பஸ். புகையில் அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

மதுரையில் காலையில் மாடல் ஸ்கூலில் நான் பாடம் எடுப்பேன், மதியம் நானே பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பேன். நான் பெரியகுளத்து மாம்பழத்தை வைத்து நடத்திய மாதிரிப் பாடத்துக்கு நல்ல பேர். பாடம் முடிந்ததும் பழத்தை நாங்களே தின்றுவிட்டோம், அது வேறு கதை. அங்கே படித்த பிள்ளைகள் யாரும் இடுப்பில் குழந்தையோடு வரவில்லை. தொட்டில் கட்டுவதைப் பற்றி எந்தப் பாடமும் இல்லை. எனக்கும் அது விட்டுப்போனதாகத் தோன்றவில்லை.

நடுவில் லீவில் ஊருக்கு வந்தபோது பள்ளிக்கூடமும் லீவு. அங்கே நடந்ததைச் சொன்னால் என் படிப்பு கெட்டுவிடும் என்று பெரிய டீச்சரும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

சர்டிபிகேட்டோடு திரும்பி வந்து பார்க்கிறேன்... பள்ளிக்கூடத்தில் வைக்கோல் அடைந்து கிடக்கிறது.

நடந்தது இதுதான். எனக்குப் பதிலாக வந்த வாத்தியார், பாடம் சொல்லித்தர வந்தேனா, பிள்ளை தூக்க வந்தேனா என்று முதல் வாரமே தொட்டில்களை அவிழ்த்துவிட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் குழந்தையோடு வரக்கூடாது என்றதும் அக்காக்கள் ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு எந்த கிராண்ட் வரும்? மூடிவிட்டார்கள். பெரிய டீச்சரும் அவருடைய அண்ணன் வீட்டோடு போய்விட்டார்.

இந்தச் சேதியெல்லாம் கேட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் வருகிறேன், எதிரே பேச்சி. தலையில் புல்லுக்கட்டு. பின்னால் அவள் தம்பி குடுகுடுவென்று நடந்து வருகிறான். என்னைப் பார்த்ததும் கட்டை அப்படியே கீழே போட்டாள்.

"தம்பி இப்ப நல்லா நடக்குறான் டீச்சர். இனிமே நான் பள்ளிக்கூடம் வரலாமுல்ல?"

என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. ஏதோ சொல்லியிருப்பேன்.

அப்புறம் எனக்குப் பெரியகுளத்தில் வேலை கிடைத்தது. சம்பளம், மரியாதை, ரிட்டயர்மென்ட்டில் ரோஜா மாலை, எல்லாம் வந்தது. யாருக்காகப் படிக்கப் போனேனோ அவர்களுக்கு மட்டும் ஒரு நாள்கூட நான் டீச்சராக இருக்கவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் ஆறவில்லை.

போன வாரம் கவிதா பரீட்சை எழுத மதுரைக்குப் போனாள். அவள் வகுப்பை இன்னொரு டீச்சர் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தவளிடம், பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"இருக்காக டீச்சரம்மா. எங்க போயிறப் போறாக?" என்றாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது.